கோப்பிச் சக்கையும் சுர்க்கியும்

நம்ம மலையகத்துல தேயிலைக்கு முன்னாடி கோப்பிதான். 1869இல் இலைநோய் வந்தது. அடுத்த இருபது வருஷத்தில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை மலை ஏறியது. அந்தக் கோப்பி இப்போ கட்டட வேலைக்குள் திரும்பி வருது. 2023இல் மெல்பர்ன் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடித்து முடித்த கோப்பியின் சக்கையை ஒக்சிசன் இல்லாமல் 350 பாகை செல்சியஸில் கருக்கி, கொங்கிரீட்டில் 15 சதவீத மணலுக்குப் பதிலாகச் சேர்த்தார்கள். வலிமை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது.

கேட்க புதுசா இருக்கு. ஆனா கழிவைக் கட்டடத்தில் சேர்ப்பது நம்மாட்களுக்குப் பழைய விஷயம். உடைந்த செங்கல்லையும் ஓட்டையும் இடித்துச் சலித்தால் சுர்க்கி. 1895இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணைக்குள்ளே இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கொங்கிரீட்தான். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து கல்லாக இறுகும். ரோமர்களுக்கு எரிமலைச் சாம்பல் செய்ததும் இதே வேலைதான். செட்டிநாட்டுக் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்தார்கள்.

1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு வந்த சீமெந்து வேகமாக இறுகியது. சுர்க்கி மெல்ல மறைந்தது. அதோடு, எதை எதோடு சேர்க்கலாம் என்ற கைப்பழக்கமும் போச்சு. வெல்லம் சுண்ணாம்புக்கு உதவும். சீமெந்தில் கொஞ்சம் சீனி விழுந்தாலே இறுகாமல் இழுக்கும். கோப்பிச் சக்கையையும் பச்சையாகப் போட்டால் கொங்கிரீட் பலவீனமாகும், கருக்கினால்தான் உதவும். நெல் உமியும் அப்படித்தான். சூட்டை அளந்து எரித்தால் அந்தச் சாம்பல் சீமெந்தில் ஒரு பங்குக்கு ஈடு. கண்டபடி எரித்தால் அவ்வளவு பலன் இல்லை.

இது நமக்கு வெறும் பழங்கதை இல்ல. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். லயத்தை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் சீமெந்தும் மணலும் மலை ஏறணும். மணல் ஆற்றிலிருந்து வருது. நம்ம குப்பையும் ஆற்றுக்குத்தான் போகுது.

அதுக்காக அடுப்புச் சாம்பலை அள்ளி லிண்டல் கலவையில் போட்டுடாதீங்க. அதுக்குக் கீழதான் பிள்ளைகள் தூங்குறாங்க. முதல்ல ஒரு பாதைக்கல் வார்த்து, 28 நாள் நனைத்து வைத்து, ஆய்வுகூடத்தில் அழுத்திப் பார்க்கணும். நம்ம தோட்டங்கள்ல இருந்து பொறியியல் படிக்கப் போன பிள்ளைகள் இருக்காங்க. கோப்பிக்கு மெல்பர்ன்ல செஞ்ச சோதனைய, நம்ம தேத்தண்ணிச் சக்கைக்கு அவங்க செய்யட்டும்.