திங்கட்கிழமைதோறும் வந்த நேசன்

வெம்பக்கோட்டைப் பக்கத்து அச்சங்குளம் போன்ற சிற்றூர்களில் வாழ்வோருக்குக் காகிதம் புதுமையான பொருளன்று. அண்மையிலுள்ள சிவகாசியில் நாட்காட்டிகளும் குறிப்பேடுகளும் பாடநூல்களும் அச்சாகின்றன. அச்சான தாள் பழசாகிப்போனால் அதுவே வெடிக்குழாய் சுற்றவும் பயன்படுகிறது. திருவிழா முடிந்த மறுநாட் காலையில் தெருவில் சிதறிக் கிடக்கும் வெடித்தாள்களைக் குனிந்து எடுத்து, யாரோ எழுதிய வாக்கியத்தின் பாதியைப் படித்துப் பார்க்காதவர் நம்மில் எவரும் இரார். மறுபாதி எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. ஆனால், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நம் பத்திரிகைகளின் வரலாற்றை எழுதப் புகும்போது அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

தமிழ் முஸ்லிம்கள் நடத்திய பழைய வார இதழ்களுள் 'சிங்கை நேசன்' தனியிடம் பெறுவது. 1887ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் திங்கட்கிழமை சிங்கப்பூரில் அதன் முதல் இதழ் வெளிவந்தது. சி.கு. மகுதூம் சாயபு அவர்கள் அதன் ஆசிரியர். அவருடைய அச்சகத்தின் பெயர் தீனோதய வேந்திரசாலை. திங்கட்கிழமைதோறும் வெளிவந்த அந்த ஏடு, 1890 ஜூன் 23 வரை மூன்றாண்டுகள் வாழ்ந்தது. மூன்றாண்டு என்பது நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். கையால் எழுத்துக் கோத்து, கப்பல் கொண்டுவரும் தபாலுக்குக் காத்திருந்து, சந்தா செலுத்துவோரின் தயவில் நடந்த ஒரு தமிழ் வார ஏட்டுக்கு அது சிறிய வாழ்வன்று.

சிங்கப்பூரில் அது முதல் தமிழ் ஏடும் அன்று. 1875இல் 'சிங்கை வர்த்தமானி' என்னும் ஏடு தோன்றியதாக ஆய்வாளர் கூறுவர். 1876இல் தொடங்கிய 'ஜாவி பெரானாக்கான்' என்னும் மலாய் வார இதழே, தமிழ் முஸ்லிம் தந்தையர்க்கும் மலாய்த் தாயர்க்கும் பிறந்த வழித்தோன்றல்களின் முயற்சியால் எழுந்ததுதான். மலாய்ப் பத்திரிகை உலகின் வாயிலைத் திறந்து வைத்தவர்களில் நம்மவரின் வழியினரும் உண்டு என்பது பெருமைக்குரிய செய்தி.

இவ்வளவும் நிகழ்ந்ததற்குக் காரணம் கடல். நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்ற மரைக்காயர்களும் வணிகர்களும் சிங்கப்பூரில் வேரூன்றியவர்கள். தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா அதற்குச் சான்றாக நிற்கிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி கடலடியில் சென்றது. கப்பல் ஆட்களையும் அச்செழுத்துகளையும் கொண்டு சேர்த்தது. தந்தி செய்தியைக் கொண்டு சேர்த்தது. வார ஏட்டுக்கு வேண்டிய இரண்டும் ஒரே துறைமுகத்தில் கூடின.

பத்திரிகையில் செய்தி மட்டுமா இருந்தது? உள்ளூர் நடப்பும் தாயகத்துச் செய்தியும் வாசகர் கடிதங்களும் செய்யுளும் விளம்பரமும் ஒரே தாளில் அண்டை வீட்டாரைப் போல இருந்தன. அதுவரை ஒரு புலவர் பாடினால் அதைக் கேட்க ஒரு சபை வேண்டும். அரங்கேற்ற ஒரு வள்ளல் வேண்டும். வார ஏடு வந்தபின் சில காசு கொடுத்து வாங்கும் வாசகனே சபையானான். இந்த வாரம் ஒருவர் எழுதினால் அடுத்த வாரம் மற்றொருவர் மறுத்தெழுத இடமிருந்தது. நாகூர்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் செட்டிநாட்டுத் தமிழும் பேசிய மக்கள் அனைவருக்கும் விளங்கும் உரைநடையை ஆசிரியர் தேடவேண்டியதாயிற்று. புலவர் பெருமக்களின் பெருமைக்குக் குறைவின்றிச் சொல்வதானால், தமிழ் உரைநடை பழகிய பள்ளிக்கூடங்களில் இத்தகைய ஏடுகளும் அடங்கும்.

அந்தப் பழக்கத்தின் கனி ஒன்று 1888இல் கிடைத்தது. மகுதூம் சாயபு அவர்கள் 'விநோத சம்பாஷணை' என்னும் கதையைத் தம் ஏட்டில் வெளியிட்டார். தமிழின் முதற் சிறுகதை இதுவே எனச் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர்கள் வாதிட்டார். வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வந்தது. பாரதியாரின் 'ஆறில் ஒரு பங்கு' 1910இல் வந்தது. முதன்மைப் பட்டம் யாருக்கு என்பதில் அறிஞர் வேறுபடலாம். நாம் அந்த வழக்கில் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. வழக்கு நடத்துவதற்கு ஏடு கையில் இருக்கிறதே, அதுதான் நமக்குப் பெரிது.

தீனோதய வேந்திரசாலையின் மற்றொரு பணியையும் இங்கே நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் இயற்றிய 'சிங்கைநகர் அந்தாதி', 'சித்திரகவிகள்' ஆகிய நூல்கள் 1887இல் அங்கேதான் அச்சேறின. அந்தாதி சிங்கப்பூர்த் தண்டாயுதபாணியைப் பாடுவது. மார்க்கத்தின் பெயர் தாங்கிய ஓர் அச்சகம் முருகன் மீது பாடிய நூலை அச்சிட்டது; அச்சிட்டவரும் பாடியவரும் அதனால் தத்தம் நெறியில் குறைந்துவிடவில்லை. ஒற்றுமையைப் பற்றி மேடையில் நெடுநேரம் பேசுவோர் இந்தச் சிறு செய்தியைச் சிந்திக்கலாம்.

சிங்கை நேசன் தனித்து நின்றதன்று. இலங்கையில் கண்டி மாநகர் வழக்கறிஞர் மு.கா. சித்திலெப்பை அவர்கள் 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கினார். கல்வியின்றிச் சமுதாயம் எழாது என்பது அவ்வேட்டின் இடையறாத பேச்சு. 1885இல் அவர் எழுதிய 'அஸன்பேயுடைய சரித்திரம்' தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று. அதன் தலைவன் எகிப்தில் பிறந்தவன். ஆங்கிலேயருடன் போரிட்டுத் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்திருந்ததை நினைத்தால், வாசகர்க்கு எகிப்து எவ்வளவு அண்மையில் இருந்தது என்பது விளங்கும். பத்திரிகையில் விதைத்த கல்வி விருப்பம் 1892இல் கொழும்பில் ஸாஹிரா என்னும் கல்விக்கூடமாக முளைத்தது.

குறையையும் மறைக்கலாகாது. சிங்கை நேசன் பிறந்த வேளை விக்டோரியா மகாராணியாரின் பொன்விழா வேளை. அந்த விழாவையொட்டியே அது தொடங்கிற்று. அரசவிசுவாசம் அதன் முகப்பிலேயே இருந்தது. இன்றைய கண்கொண்டு முகஞ்சுளிப்பது எளிது. ஆட்சியாளர் கையில் இருந்த துறைமுகத்தில், வாழ்த்துக்கூறி உள்ளே நுழைந்து, தம் மக்களுக்கு வேண்டியதைப் பேசிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களைத் தியாகிகளாக்கவும் வேண்டா, துரோகிகளாக்கவும் வேண்டா. அவர்கள் எழுதியதைப் படித்தால் போதும்.

படிப்பதற்குத்தான் ஏடு வேண்டும். சிங்கை நேசனின் இதழ்கள் நூலகங்களில் காக்கப்பெற்றதால், சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையப் பக்கத்தில் இன்று எவரும் அவற்றைப் பார்க்கலாம். ஓர் ஏட்டை வாழவைப்பவர் அதை எழுதியவர் மட்டுமல்லர்; மடித்து அடுக்கி வைத்தவரும்தாம். இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் அச்சான நூல்களை அரசிடம் ஒப்படைத்துப் பதிவுசெய்யப் பணித்தது. தம் ஆட்சியின் பாதுகாப்புக்காக ஆங்கிலேயர் எடுத்து வைத்தவை இன்று நம் வரலாற்றுக்குச் சான்றாகின்றன. நம் வரலாற்றுக்காக நாம் எடுத்து வைத்தவை எத்தனை? கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. ஒருவர் செய்ய முடிந்ததை ஊர் ஒன்று செய்ய இயலாதா?

நம் வட்டாரத்தில் பழைய தாளுக்கு எடைபோட்டு விலை தருவார்கள். வீட்டுப் பரணிலிருந்து பாட்டனார் காலத்துக் கட்டு ஒன்று இறங்கும்போது, எடைக்காரரை அழைக்குமுன் ஒரு நாழிகை திண்ணையில் அமர்ந்து அதைப் பிரித்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். அரபுத்தமிழ்ச் சுவடியோ, பினாங்கிலிருந்து வந்த வார ஏடோ, மௌலிது நூலோ எதுவாயினும், பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு அருகிலுள்ள கல்லூரி நூலகத்திற்கோ ஆய்வாளருக்கோ தெரிவிக்கலாம். மகுதூம் சாயபு அவர்களின் வாக்கியங்கள் முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. மற்றவர்களுடைய வாக்கியங்களில் பாதியேனும் வெடித்தாளாகப் போகாமல் தடுக்க நமக்கு இன்னும் காலமிருக்கிறது.