ஓடந்துறையின் காற்றாலையும் தர்னாயின் ‘உண்மையான மின்சார’மும்

சமுதாய எரிசக்தித் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வுகள் பலவும் நிறுவுதிறன், மின்வசதி பெற்ற வீடுகளின் எண்ணிக்கை, தவிர்க்கப்பட்ட கரிம உமிழ்வு ஆகியவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றன. அவ்வளவுகோலின்படி தமிழ்நாட்டின் ஓடந்துறையும் பீகாரின் தர்னாயும் ஒரே வரிசையில் வைக்கத்தக்கவை. ஆனால் முன்னது கடனை அடைத்து வருவாய் ஈட்டியது. பின்னது சில ஆண்டுகளில் செயலிழந்தது. கப்பலில் வரும் டீசலை நம்பி விளக்கெரிக்கும் தீவொன்றில், டெலானிபூரில் இருந்துகொண்டு இவ்விரண்டையும் படிக்கையில், பயன் என்ற சொல்லையே மீண்டும் வரையறுக்க வேண்டியிருக்கிறது.

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறையின் வரலாறு ஒரு மின்கட்டண ரசீதில் தொடங்குகிறது. 1996இல் ஆர். சண்முகம் ஊராட்சித் தலைவரானபோது மாதம் ஏறத்தாழ 2,000 ரூபாயாக இருந்த மின்கட்டணம், குடிநீர்த் திட்டமும் தெருவிளக்குகளும் பெருகப் பெருக 50,000 ரூபாயை எட்டியது. நல்ல நிர்வாகமே ஊராட்சியைக் கடனாளியாக்கும் நிலை! இரண்டு குக்கிராமங்களில் சூரிய ஒளித் தெருவிளக்குகள் அமைத்தனர். 2003இல், மரக்கழிவிலிருந்து எரிவாயு பெற்று நீரேற்றும் 9 கிலோவாட் சாதனத்தை நிறுவினர். 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே விலைக்கு வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, எஞ்சிய 1.15 கோடி வங்கிக் கடன்.

அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பது பலரும் கவனியாத செய்தி. அது பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில், மைவாடியில் நிற்கிறது. ஆண்டு முழுதும் முழுத்திறனில் சுழன்றால் 350 கிலோவாட் இயந்திரம் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் தர வேண்டும். கிடைத்ததோ ஏறத்தாழ 7 லட்சம் யூனிட். அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. காற்றாலைக்கு இது இயல்பான அளவே. ஊராட்சியின் தேவை ஏறத்தாழ 4.5 லட்சம் யூனிட். மிகுதியை மின்வாரியம் வாங்கிக்கொள்ள, கடன் அடைபட்டது. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயை ஒட்டி இருந்ததாகச் செய்திகள் பதிவுசெய்துள்ளன.

ஓடந்துறைவாசியின் வீட்டு விளக்கு இதனால் கூடுதலாக ஒரு மணிநேரம் எரியவில்லை. அவர் பெற்ற மின்சாரம் முன்போலவே வாரியத்தின் மின்தொகுப்பிலிருந்து வந்தது. மாறியது ஊராட்சியின் கணக்கேடு. செலவுப் பத்தியில் இருந்த மின்சாரம் வரவுப் பத்திக்கு இடம்பெயர்ந்தது. இதைத் தனிமனிதச் சாதனையாக எழுதும் பத்திரிகை வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. சண்முகத்தின் முனைப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் கடன் வாங்கவும் சொத்து வைத்திருக்கவும் சட்டத் தகுதியுள்ள ஓர் அமைப்பு இல்லையேல் அம்முனைப்பு மனுவாகவே நின்றிருக்கும். ‘சமுதாயம்’ என்ற சொல் ஆய்வுரைகளில் எளிதாகப் புழங்குகிறது. வங்கி கடன் கொடுத்தது சமுதாயத்திற்கு அன்று, ஊராட்சிக்கு.

தர்னாயில் முப்பதாண்டுகளுக்கு மேல் மின்சாரம் இல்லை. 2014இல் கிரீன்பீஸ் அமைப்பும் கூட்டாளிகளும் 100 கிலோவாட் சூரிய மின்தொகுப்பை அங்கே நிறுவினர். தொடக்க விழாவுக்கு முன்னாள் முதல்வர் நிதிஷ் குமார் வந்தபோது, ஊரார் திரண்டு ‘உண்மையான மின்சாரம்’ வேண்டும், ‘பொய்யான மின்சாரம்’ வேண்டாம் என்று முழங்கினர். மொழியியல் பயின்ற எனக்கு இவ்விரு பெயரடைகளும் ஒரு மதிப்பீட்டு அறிக்கைக்கு நிகரானவை. குளிர்பதனப் பெட்டியைத் தாங்காததும் விலை கூடியதுமான மின்சாரத்தைப் பயனாளிகள் எவ்வாறு வகைப்படுத்தினர் என்பதை அவை காட்டிவிடுகின்றன. விரைவிலேயே அரசின் மலிவான மின்சாரம் வந்தது, வாடிக்கையாளர் அகன்றனர், மின்கலங்கள் ஆயுள் முடிந்து மாற்றப்படாமல் கிடந்தன. மின்தொகுப்பின் வருகை ஓடந்துறையில் மூலதனம், தர்னாயில் போட்டி.

தீவுகளின் நிலை இரண்டிலும் அடங்காது. நிலப்பரப்பின் மின்தொகுப்போடு நமக்கு இணைப்பில்லை. வடக்கே டிக்லிபூரில் 5.25 மெகாவாட் கல்போங் நீர்மின் நிலையம் 2001 முதல் இயங்குகிறது. தென் அந்தமானில் 2013இல் கராச்சராமாவில் என்டிபிசியின் 5 மெகாவாட் சூரிய மின்நிலையமும், 2020இல் மின்கலச் சேமிப்புடன் என்எல்சி இந்தியாவின் 20 மெகாவாட் நிலையமும் வந்தன. சூரிய நிலையங்கள் இரண்டும் மத்திய அரசு நிறுவனங்களின் உடைமை.

இங்கே ஓர் ஊராட்சி சூரிய மின்சாரம் தயாரித்தால் மிச்சமாவது டீசல். டீசலில் ஒரு யூனிட் தயாரிக்க ஆகும் செலவில் சிறு பகுதியையே நுகர்வோர் கட்டுகின்றனர். பெரும்பகுதியை அரசின் மானியமே சுமக்கிறது. ஆகவே மிச்சமாகும் பணம் அரசின் கருவூலத்தில் தங்கும், ஊராட்சியின் ஏட்டுக்கு வராது. கட்டணம் செலுத்தியவரே மிச்சத்தையும் பெற்றார் என்பதுதான் ஓடந்துறையின் கணக்கு. அதைத் தீவுகளுக்கு முன்மாதிரியாகக் காட்டும் ஆய்வு எதுவாயினும், தவிர்க்கப்படும் டீசல் மானியத்தில் ஊராட்சிக்கு யூனிட்டுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்பதைத் தன் முதல் அட்டவணையில் காட்ட வேண்டும்.