பிஸ்டன் வளையமும் நீலப் புகையும்

பழைய மோட்டார் வண்டி ஒன்று நீலப் புகையைக் கக்கிக்கொண்டு சென்றால், “ரிங் தேய்ந்துவிட்டது” என்று வழியில் நிற்பவர்கூடத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதை நம்பி எஞ்சினைப் பிரித்தால், வண்டியோட்டிப் பிழைப்பவருக்குப் பல நாள் வருமானம் போகும். குற்றம் வேறிடத்தில் என்று பின்னர்த் தெரிந்தால் செலவும் வீணே. புகை உணர்த்துவது யாது என்பதை அறிய, அவ்வளையம் பிறந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1712-இல் நியூகோமன் அமைத்த நீராவி எஞ்சினில், சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைத் தோலால் அடைத்து, அதன்மேல் தண்ணீரை நிறுத்தினர். சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்கவேண்டுமென்று கருதிய ஜேம்ஸ் வாட்டுக்குத் தண்ணீர் உதவவில்லை. அவர் சணல் நாரையும் கொழுப்பையும் நாடினார். நார் விரைவில் தேய்ந்தது. அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

இத்தொல்லையைத் தீர்த்தவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்னும் ஆங்கில ரயில்வே பொறியியலாளர். சிலிண்டரின் விட்டத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு பெரிதான உலோக வளையத்தில் ஒரு பிளவு வைத்து, அதை ஒடுக்கிப் பிஸ்டனின் பள்ளத்தில் அவர் பொருத்தினார். விரியத் துடிக்கும் அவ்வளையம் சிலிண்டர்ச் சுவரைத் தானே அழுத்திக்கொண்டது. 1850-களில் தோன்றிய இவ்வுத்தியே பின்னர் பெட்ரோல் எஞ்சினுக்கும் உயிர்நாடியாயிற்று.

பெட்ரோல் எஞ்சினில் மேல் வளையங்கள் எரிவாயுவைத் தடுக்கும். கீழ் வளையம் எண்ணெயை வழித்துவிடும். இவை தேய்ந்தால் இரு கேடுகள் நேரும். எண்ணெய் மேலேறி எரிந்து, நீலப் புகையாகப் பின்குழாயில் வெளிப்படும். வாயு கீழிறங்கிக் கிராங்க்கேஸில் நிறைந்து, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்ததும் புகையும். முற்காலத்தில் இப்புகையை ஒரு குழாய் வழியே சாலையிலேயே விட்டனர். நகரக் காற்று மாசுபடுவதை உணர்ந்த கலிபோர்னியாவில், 1961-ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் அதனை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே செலுத்தி எரிக்கும் வால்வு இடம்பெற்றது. அவ்வால்வோ மூச்சுக்குழாயோ அடைபட்டாலும் கிராங்க்கேஸில் அழுத்தம் மிகும். குற்றமற்ற ரிங்கின்மீது பழி விழும். ஆதலின் முதலில் அதனைத் துப்புரவு செய்து பார்த்தல் நன்று.

அடுத்து, புகை வரும் வேளையைக் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டிருந்து மீண்டும் அழுத்துகையில் மட்டும் நீலப் புகை எழுந்தால், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். மேட்டில் பாரத்துடன் ஏறும்போது இடைவிடாது எழுமாயின், ரிங்கின்மேல் ஐயம் வலுக்கும். ஐயத்தைத் தீர்க்கவும் வழியுண்டு. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானியால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு குறைந்த அழுத்தம் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்கு உயர்ந்தால், எண்ணெய் இடைவெளியை அடைத்ததென்று பொருள். ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துள்ளது. உயராவிடில் வால்வையோ தலைக் காஸ்கெட்டையோ ஆராய்தல் வேண்டும்.

கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் உருவாகத் தொடங்கிய அம்பாஸடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றது. எனினும் அதன்பின்னும் பல ஆண்டுகள் அந்நகரின் டாக்ஸியாக அது ஓடியது. பழைய வண்டியைப் பேணுவோர், ஒரு கரண்டி எண்ணெயும் ஒரு மானியும் தரும் சாட்சியத்தைக் கேட்ட பின்னரே எஞ்சினைப் பிரிக்கத் துணிதல் நலம். கசிவு உண்டென்பதையே புகை உரைக்கும். கசியுமிடத்தைச் சோதனையே காட்டும்.