பகலில் பச்சை, விளக்கொளியில் சிவப்பு

வைடூரியமும் அலெக்சாண்டிரைட்டும் கிரைசோபெரில் என்ற ஒரே கனிமத்தின் வகைகள். அந்தக் கனிமத்தில் துளியளவு குரோமியம் சேர்ந்தால்தான் அலெக்சாண்டிரைட். அந்தச் சேர்க்கைதான் அரிது. கிரைசோபெரிலுக்கு வேண்டிய பெரிலியம் கருங்கல் சார்ந்த பாறைகளில் திரள்வது. குரோமியமோ இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரும்பாறைகளுக்கு உரியது. இரண்டும் ஓரிடத்தில் சந்திப்பது அபூர்வம்.

குரோமியம் மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டுப் பச்சையையும் சிவப்பையும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியே விடுகிறது. பகல் வெளிச்சத்தில் பச்சை ஓங்குவதால் கல் பச்சையாகத் தெரிகிறது. அகல்விளக்கின் சுடரில் சிவப்பு மிகுதி, ஆகவே அதே கல் சிவக்கிறது. மற்ற மணிகள் நிறத்தால் மதிப்புப் பெறுகின்றன. இது நிறம் மாறுவதால் பெறுகிறது.

ரஷ்யாவின் யூரல் மலையிலுள்ள மரகதச் சுரங்கங்களில் 1830களில் இக்கல் அடையாளம் காணப்பட்டது. பின்னாளில் இரண்டாம் அலெக்சாந்தர் எனப் பேரரசரான இளவரசரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பச்சையும் சிவப்பும் ரஷ்யப் படைக்குரிய நிறங்கள் என்பதும் கல்லுக்குப் புகழ் சேர்த்தது. இளவரசரின் பிறந்தநாளன்றே கல் கிடைத்தது என்ற கதைக்குத்தான் ஆதாரம் இல்லை.

யூரல் சுரங்கங்கள் வற்றியபோது வணிகர்களின் பார்வை இலங்கைக்குத் திரும்பியது. இரத்தினபுரி வட்டாரத்தில், வயலுக்கு அடியில், 'இல்லம்' எனப்படும் சரளைப் படிவத்தில் நீலமும் வைடூரியமும் அலெக்சாண்டிரைட்டும் கலந்து கிடக்கின்றன. யூரல் கற்களின் துலக்கமான நிறமாற்றம் பெரும்பாலான இலங்கைக் கற்களுக்கு இல்லை. ஆலிவ் பச்சையிலிருந்து பழுப்புச் சிவப்புக்குப் போகும். அளவில் அவை யூரலை விஞ்சின. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள 65.08 காரட் கல் இலங்கையுடையதே.

கோண்ட்வானா காலத்தில் இலங்கையோடு ஒட்டியிருந்த தென்னிந்தியாவிலும் இக்கல் உண்டு. கேரளத்தின் திருவனந்தபுரம் பகுதியிலும், ஆந்திரத்தின் விசாகப்பட்டினம் பக்கமும் கிடைத்திருக்கிறது. பிரேசிலின் ஹெமட்டிட்டா படிவம் 1987இல் வெளிப்பட்டு, உலகச் சந்தைக்குத் தரமான கற்களைத் தந்தது.

1970கள் முதல் ஆய்வுக்கூடத்திலும் அலெக்சாண்டிரைட்டை வளர்க்கிறார்கள். இன்னொரு பக்கம், வனேடியம் கலந்த செயற்கை நீலக்கல் வெகுகாலமாக இதே பெயரில் விற்கப்படுகிறது. அது ஊதா நிறச் சாயலிலேயே மாறும். வாங்குவோர் கல்லைப் பகல் வெளிச்சத்திலும் குண்டு பல்பின் கீழும் பார்க்க வேண்டும். வெள்ளை எல்இடி விளக்கில் மாற்றம் சரியாகத் தெரியாது. கல் இயற்கையானதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்கவும் முடியாது. மணிக்கல் ஆய்வகச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.