திருநாளில் துயரம் பேசலாமா?

பொங்கல் நாள். தொலைக்காட்சியில் புதுப்படம். வீடே கூடி அமர்ந்திருக்கும் வேளையில், புகையிலையால் கெட்ட நுரையீரலும் புற்று அரித்த வாயும் திரையில் தோன்றுகின்றன. “நல்ல நாளும் அதுவுமாய் இந்தக் கண்ணராவி எதற்கு?” என்று முகஞ்சுளிக்கின்றனர் பெரியோர். தென்காசியிலும் குற்றாலத்திலும் நாம் பலகாலும் கேட்ட பேச்சு இது. இது முறைதானா? வரலாற்றைக் கேட்போம்.

‘செத்தார்’ என்னாது ‘துஞ்சினார்’ என்பதை மங்கலம் என வகுத்தது நம் இலக்கணம். சொல்லை மென்மையாக்கினரேயன்றிச் சாவை மறைத்தாரில்லை. மணிமேகலையைப் பாருங்கள்! புகாரில் இந்திரவிழாவை யானைமீது முரசேற்றி அறிவிக்கின்றனர். அந்த மங்கல அறிவிப்பிலேயே பசியும் நோயும் பகையும் ஒழியவேண்டுமென்ற வேண்டுதல் இருக்கிறது. அடுத்த காதையிலேயே, கோவலனை இழந்த மாதவி விழாவில் ஆட மறுக்கிறாள். திருநாளில் துயரைப் பேசுதல் தமிழர்க்குப் புதிதன்று.

அமங்கலம் என்னும் அச்சமோ வேறு. பல்லி சொல்லுக்கும் பூனை குறுக்கீட்டுக்கும் அஞ்சும் மடமையின் உடன்பிறப்பு அது. நாள் பார்த்தா வருகிறது நோய்?

1967 நவம்பர் முதல் நாள் விவித பாரதியில் வாணிப விளம்பரம் புகுந்தது. 1976 சனவரி முதல் நாள் தூரதர்சனில் புகுந்தது. திருநாளே நல்ல சந்தையெனக் கண்டுகொண்டனர் வணிகர். பட்டுக்கும் நகைக்கும் இடமளித்த திருநாளில், உயிர் காக்கும் சொல்லுக்கு மட்டும் இடமில்லையா?

2003இல் புகையிலைச் சட்டம் வந்தது. 2012 அக்டோபர் 2 முதல், புகையிலைக் காட்சியுள்ள படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 நொடி எச்சரிக்கை வேண்டும் என்று விதி வகுத்தனர். கூர்ந்து நோக்குங்கள்: விதி நாளைப் பார்க்கவில்லை, புகையைப் பார்க்கிறது. கதாநாயகன் விரலிடுக்கில் சிகரெட் இல்லையேல் விதிப்படி எச்சரிக்கையும் தேவையில்லை. விழாவைக் கெடுத்தவர் யார்?

ஆயினும் ஒன்றை ஒப்புகிறோம். அவ்வாண்டுதான் புற்றுநோய்க்கு ஒருவரைப் பறிகொடுத்த வீடும் அதே படத்தைப் பார்க்கும், குழந்தையும் பார்க்கும். அவர்தம் உள்ளத்தை மதிப்பது மூடநம்பிக்கையன்று, மனிதத்தன்மை. திருநாளிலேனும் அழுகிய உறுப்பைக் காட்டுவதைக் குறைத்து, பழக்கத்தை விடும் வழியைக் கூறட்டும். ‘துஞ்சினார்’ கற்பித்த பண்பும் அதுவே.

இனி, நம் வட்டாரத்துக்கு வருவோம். கடையம், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் ஊர்களின் திண்ணைகளில் பெண்கள் பீடி சுற்றுகின்றனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அன்றாடம் மூச்சோடு உட்செல்வது புகையிலைத் தூள். பீடித் தொழிலாளர்க்கென 1966இல் சட்டமும், 1976இல் நலநிதிச் சட்டமும் வந்தன. பண்டிகை இரவில் அப்பெண்களும் அந்த 30 நொடியைக் காண்கின்றனர். புகைப்பவனை எச்சரிக்கும் அக்குரல், சுற்றுபவளைப்பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவள் மூச்சுக்கு என்ன காப்பு? பீடியை விட்டால் அவளுக்கு என்ன பிழைப்பு?

தோழர்களே! திருநாளில் துயரம் பேசுவது குற்றமன்று. பாதித் துயரைப் பேசி, மீதியை மறைப்பதே குற்றம். அந்த மீதியைப் பேசுவோம், பொங்கலன்றும் பேசுவோம்.