லூ சுன்னின் தாத்தா அனுப்பிய கடிதம்

இன்னைக்கு எபிசோட் பிட் அடிக்கிறதைப் பத்தி. பிட்டுன்னு சொன்னாலே நமக்குச் சிரிப்புதான் வரும். ஸ்கேல் பின்னாடி ஃபார்முலா, சாக்ஸுக்குள்ள துண்டுச்சீட்டுன்னு ஆளுக்கு ஒரு கதை வெச்சிருப்போம். ஆனா நான் சொல்லப்போற கதையில தப்பு பண்ணினது பரீட்சை எழுதின பையன் இல்லை, பையனோட அப்பா. அதுவும் அதே பரீட்சையில் நாட்டிலேயே உயர்ந்த பட்டத்தை வாங்கியவர். அவர் பெயர் ஜோ ஃபூச்சிங். நவீன சீன இலக்கியத்தைத் தொடங்கி வைத்தவர்னு சொல்லப்படுற லூ சுன்னோட தாத்தா.

முதல்ல அந்தப் பரீட்சையைப் புரிஞ்சுக்கணும். சீனாவில் ஏறத்தாழ 1,300 வருஷம் அரசு வேலைக்கான முக்கியமான வாசல்கள்ல அது ஒண்ணு. மாவட்டம், மாகாணம், தலைநகரம்னு படிப்படியா ஏறணும். மாகாணத் தேர்வில் மூணு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன அறைக்குள்ள போய் உட்காரணும். சமையல், தூக்கம், எழுத்து எல்லாம் அதுக்குள்ளேயேதான். நான்ஜிங் நகரத் தேர்வு வளாகத்தில் மட்டும் அந்த மாதிரி 20,000-க்கும் அதிகமான அறைகள் இருந்தன. உள்ளே போனவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர் தேறினாலே பெரிசு. இத்தனை பேர்தான்னு மாகாணத்துக்கு ஒரு கோட்டா, அவ்வளவுதான். வயசு வரம்பு கிடையாது. அதனால ஐம்பது வயசுலயும் எழுதிக்கிட்டே இருந்தாங்க.

வாசல் இவ்வளவு குறுகலா இருந்தா என்ன ஆகும்? உள்சட்டை முழுக்க எறும்பு சைஸ் எழுத்தில் பாடத்தை எழுதிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. அந்தச் சட்டைகளில் சில இன்னைக்கும் பாதுகாக்கப்பட்டு இருக்கு. காசு வாங்கிக்கிட்டு அடுத்தவங்களுக்காகப் பரீட்சை எழுதிக் கொடுக்கிறதே தொழிலா வெச்சிருந்தவங்களும் உண்டு.

அரசாங்கமும் சும்மா இல்லை. விடைத்தாளில் பெயரை மறைச்சு ஒட்டினாங்க. கையெழுத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு, எழுத்தர்களை உட்காரவெச்சு ஒவ்வொரு விடைத்தாளையும் திரும்ப நகல் எடுத்தாங்க. திருத்துறவர் பார்க்கிறது அந்த நகலை மட்டும்தான். சோங் வம்ச காலத்திலேயே, அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே, இது வந்திடுச்சு. யோசிச்சுப் பார்த்தா நம்ம போர்டு எக்ஸாம் டம்மி நம்பரை விட ஒரு படி மேலே!

பெயர் தெரியாது, கையெழுத்தும் தெரியாது. சரி, அப்போ எப்படி ஏமாத்துறது? வார்த்தையை வெச்சுத்தான். கட்டுரையில் இந்த இடத்தில் இந்தச் சொல் வரும்னு முன்கூட்டியே பேசி வெச்சுக்குவாங்க. திருத்துறவர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஆளைப் புரிஞ்சுக்குவார். இதுக்குச் சட்டையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். தேர்வாளர் உங்க பக்கம் இருந்தா போதும்.

மாட்டிக்கிட்டா தண்டனை சாதாரணமில்லை. 1858 பெய்ஜிங் தேர்வு மோசடியில், தலைமைத் தேர்வாளரா இருந்த பாய் ஜுன் என்ற மூத்த அமைச்சரின் தலையையே அடுத்த வருஷம் வெட்டினாங்க. ஜோ ஃபூச்சிங்குக்கு அப்போ இருபது வயசு இருக்கும். தேர்வுக்குப் படிச்சுக்கிட்டிருந்த தலைமுறை அது. அந்தச் செய்தி காதில் விழாம இருந்திருக்க முடியாது.

1871-ல் அவர் உயர்ந்த பட்டமே வாங்கிட்டார். ஆனா அதுக்கப்புறம் வாழ்க்கை அவ்வளவு சுகமில்லை. மாவட்ட அதிகாரி வேலை கிடைச்சது, கொஞ்ச காலத்தில் போச்சு. பிறகு நிலத்தை வித்து, பெய்ஜிங்கில் ஒரு அலுவலகப் பதவியைக் காசு கொடுத்து வாங்கினார். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கஜானாவை நிரப்ப அரசாங்கமே பதவியை வித்துக்கிட்டிருந்த காலம் அது. கருவூலத்தில் பணம் கட்டினா அது சட்டம், தேர்வாளர் கையில் கொடுத்தா அது குற்றம். இந்த வித்தியாசம் அந்தக் கால ஆளுங்க மனசில் எவ்வளவு ஆழமா இருந்திருக்கும்? பெரிசா இருந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

அவருடைய மகன் ஜோ போயி முதல் பட்டத்தை வாங்கிட்டு, மாகாணத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோத்துக்கிட்டிருந்தார். 1893-ல் தாய் இறந்ததால ஃபூச்சிங் சொந்த ஊரான ஷாவ்சிங்குக்கு வந்திருந்தார். அந்த வருஷம் வழக்கத்துக்கு மேல ஒரு சிறப்புத் தேர்வு அறிவிச்சாங்க. அவங்க மாகாணத்துக்கு வந்த தலைமைத் தேர்வாளர், இவரோட அதே வருஷம் பட்டம் வாங்கியவர். நம்ம பாஷையில் சொன்னா, பேட்ச்மேட்.

அந்தத் தேர்வாளர் சூஜோ வழியா படகில் வந்துக்கிட்டிருந்தார். ஃபூச்சிங் ஒரு வேலையாள்கிட்ட கடிதம் கொடுத்து அனுப்பினார். உள்ளே பத்தாயிரம் வெள்ளி நாணயத்துக்கு ஒரு வாக்குறுதிச் சீட்டு. கூடவே எந்தெந்த வார்த்தையைப் பார்க்கணும்ங்கிற குறிப்பு. தன் மகனுக்கு மட்டும் இல்லை, சில வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். மகன் மேல பாசம்னு மட்டும் சொல்லிட முடியாதுன்னு இதனாலதான் நினைக்கிறேன். ஒரு பக்கம் தகப்பன், இன்னொரு பக்கம் புரோக்கர்.

கடிதம் வந்த நேரத்தில் படகில் துணைத் தேர்வாளரும் உட்கார்ந்திருந்தார். தலைமைத் தேர்வாளர் கடிதத்தைப் பிரிக்காம ஓரமா வெச்சுட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். வெளியே காத்திருந்த வேலையாள் பொறுமை இழந்து, பணம் இருக்கிற கடிதத்துக்கு ஒரு பதில் கொடுக்கக் கூடாதான்னு சத்தம் போட்டாராம். அந்தக் குடும்பத்தில் வழிவழியா சொல்லப்பட்ட கதை இது. எப்படியோ, விஷயம் அங்கேயே வெளியே வந்திடுச்சு.

ஃபூச்சிங் முதல்ல ஷாங்காய்க்குத் தப்பிப் போய், பிறகு தானே சரணடைஞ்சார். பணம் கைமாறவில்லை, தேர்வும் இன்னும் நடக்கவில்லை, அதனால தண்டனையைக் குறைக்கலாம்னு அதிகாரிகள் சொன்னாங்க. பேரரசர் ஒத்துக்கலை. மரண தண்டனை. ஆனா உடனே நிறைவேத்த மாட்டாங்க. ஹாங்ஜோ சிறையில் வெச்சு, ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வழக்கை மறுபடி பார்ப்பாங்க. அதாவது வருஷா வருஷம், இந்த முறை தலை போகுமா போகாதான்னு குடும்பமே உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். போகாம இருக்கப் பணம் செலவாகும். அவங்களுக்கு 40, 50 மூ நெல் வயல் இருந்தது, நம்ம கணக்குல ஏழெட்டு ஏக்கர். அது கரைஞ்சது.

ஜோ போயியோட பட்டத்தைப் பறிச்சாங்க. இனி அவர் பரீட்சை எழுதவே முடியாது. குடிச்சார், அபின் பிடிச்சார், நோயில் விழுந்தார். 1896-ல் இறந்தப்போ வயசு முப்பத்தஞ்சு, முப்பத்தாறு.

மூத்த பையன் லூ சுன்னுக்கு, தாத்தா கைதானப்போ பன்னிரண்டு வயசு. தாய்வழிச் சொந்தக்காரங்க வீட்டில் ஒளிச்சு வெச்சாங்க. அங்கே அவனைப் பிச்சைக்காரன்னு சொன்னாங்க. வீடு திரும்பின பிறகு அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடந்ததைப் பிற்காலத்தில் எழுதியிருக்கார். மருந்துக் கடை மேடை அவர் உயரம், அடகுக் கடை மேடை அவரைப் போல ரெண்டு மடங்கு உயரம். வீட்டுப் பொருளை மேலே தூக்கிக் கொடுத்து, அலட்சியமா நீட்டின காசை வாங்கிக்கிட்டு, அப்பாவுக்கு மருந்து வாங்கப் போவார். பரீட்சை மோசடின்னா நாம பெரும்பாலும் யாருக்கு ரேங்க் போச்சு, யாருக்கு சீட் போச்சுன்னுதான் பேசுவோம். அடகுக் கடை வாசலில் நிக்கிற இந்தப் பையன் எந்தப் பரீட்சையும் எழுதலை. கடிதத்தில் அவன் பெயரும் இல்லை.

இதுக்கு நடுவுல இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. 1897-ல் லூ சுன்னோட தம்பி, பின்னாளில் பெரிய கட்டுரையாளரான ஜோ சுவோரென், தாத்தாவுக்குத் துணையா ஹாங்ஜோவுக்கு அனுப்பப்பட்டார். சிறைக்குப் பக்கத்தில் தங்கி, சில நாளைக்கு ஒரு தடவை தாத்தாவைப் பார்க்கப் போவார். அங்கே இருந்தபடியே பாடமும் படிச்சார். என்ன பாடம்னு நினைக்கிறீங்க? அதே தேர்வுக்கான கட்டுரைப் பயிற்சிதான். வேற எந்த வழியும் அந்த வீட்டுப் பெரியவங்க கண்ணுக்குப் படலை.

லூ சுன் 1898-ல் நான்ஜிங்கில் ஒரு கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். காரணம் ரொம்ப எளிமை: அங்கே ஃபீஸ் கிடையாது. அம்மா எட்டு வெள்ளி தேத்திக் கொடுத்து, அழுதுக்கிட்டே அனுப்பினாங்க. தேர்வுக்குப் படிக்காம மேற்கத்தியப் படிப்புக்குப் போறது அப்போ மானக்கேடு. ஆனா அதே வருஷக் கடைசியில் ஊருக்கு வந்தப்போ, தம்பியோட சேர்ந்து மாவட்டத் தேர்வை அவரும் எழுதினார். 137-வது இடம். அடுத்த கட்டத்துக்குப் போகாம நான்ஜிங் திரும்பிட்டார்.

1919-ல் ‘கோங் யிஜி’ன்னு ஒரு சின்னக் கதையை வெளியிட்டார். முதல் பட்டம்கூட வாங்க முடியாத ஒரு படிப்பாளி, மதுக்கடையில் நின்னுக்கிட்டே குடிக்கிறவர். புத்தகத்தைத் திருடினா அது திருட்டே இல்லைன்னு சாதிக்கிறவர். கடைசியில் மாகாணத் தேர்வில் ஜெயிச்ச ஒருத்தர் வீட்டில் திருடி மாட்டி, கால் உடைஞ்சு போறார். கதை சொல்றது அந்தக் கடையில் சரக்கு சூடு பண்ணிக் கொடுக்கிற ஒரு சின்னப் பையன். பன்னிரண்டு வயசில் அந்த வேலைக்கு வந்தவன்.

தாத்தா 1901-ல் விடுதலையாகி வீட்டுக்கு வந்தார். 1904-ல் இறந்தார். அதே வருஷம் பேரன் ஜப்பானில், செண்டாய் நகரத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்திருந்தார். அதுக்கு அடுத்த வருஷம் அந்தத் தேர்வையே அரசாங்கம் ரத்து பண்ணிடுச்சு.