சந்தோஷ், சி. எஸ்.

பெங்களூரைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர், 1983இல் பிறந்தவர். நெடுந்தூரப் பந்தயங்களில் மிகக் கடினமானதாகக் கருதப்படும் டக்கார் ரேலியை ஓடி முடித்த முதல் இந்தியர் இவரே.

மண்மேடுகளில் தாவி ஓடும் மோட்டோகுரோஸ், சுப்பர்குரோஸ் போட்டிகளில் தேசியப் பட்டங்களை வென்று பெயர் பெற்றார். தியத்தலாவையின் பொக்ஸ்ஹில் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இவ்வகை ஓட்டம் புதிதல்ல. பாலைவன ரேலி வேறு வகை. அங்கே நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர், அதுவும் முன்பின் பார்த்திராத நிலத்தில் ஓட வேண்டும். அக்காலத்தில் ஹாண்டிலுக்கு மேலிருந்த பெட்டியில் சுருட்டி வைத்த கடதாசியே வழிகாட்டி. விரலால் விசையை அழுத்தி அதை நகர்த்தி, எந்தக் கிலோமீற்றரில் பள்ளம், எங்கே திருப்பம் என்று வாசித்தபடியே வேகமாக ஓட்டினார்கள். 2013இல் அபுதாபி பாலைவனப் பந்தயத்தில் விழுந்தபோது வண்டி தீப்பற்றி, சந்தோஷுக்குக் கழுத்தில் தீக்காயம் ஏற்பட்டது. ஆனாலும் ரேலியை அவர் விடவில்லை.

2015 ஜனவரியில் ஆர்ஜென்டினா, பொலிவியா, சிலி நாடுகளினூடாக நடந்த டக்காரில் முதன்முறையாகக் கலந்துகொண்டார். பொலிவியாவின் உயுனி உப்புவெளியில் மழைநீர் தேங்கி, உப்புத்தண்ணீர் பல வண்டிகளின் மின்னிணைப்புகளைக் கெடுத்தது. புறப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் ஏறத்தாழப் பாதியே முடிவிடத்தை எட்டின. சந்தோஷ் 36ஆம் இடம் பெற்றார்.

2016இல் ஹீரோ நிறுவனம் ஜெர்மனியின் ஸ்பீட்பிரெய்னுடன் இணைந்து ரேலி அணியொன்றை அமைத்தபோது அதன் வீரர்களில் ஒருவரானார். 2017இல் 47ஆம் இடமும், 2018இல் 34ஆம் இடமும் பெற்றார். 2020இல் பந்தயம் சவூதி அரேபியாவுக்கு மாறியது. அவ்வாண்டு சக வீரரான போர்த்துக்கல்லின் பாவ்லோ கொன்சால்வெஸ் விபத்தில் இறந்ததால் அணி பந்தயத்திலிருந்து விலகியது. 2021 ஜனவரி 6 அன்று, நான்காம் கட்டத்தில் சந்தோஷும் விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். ரியாத் மருத்துவமனையில் அவரை மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை அளித்தனர். பின்னர் நினைவு திரும்பி நாடு திரும்பினார்.

கர்நாடகத்தின் கோலார் அருகே 'பிக் ரொக் டேர்ட்பார்க்' என்ற மண்பாதைப் பயிற்சிக் களத்தை நிறுவியவரும் இவரே.

சந்தோஷுக்குப் பின் கர்நாடகத்தின் கே. பி. அரவிந்த் 2019இல் டக்காரை முடித்தார். கேரளத்தின் ஹரித் நோவா 2024இல் ரேலி 2 பிரிவில் முதலிடம் பெற்று, டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியரானார்.